ஆடு புலி ஆட்டம் ஆடும் ரோபோவைக் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த ரோபோ எப்போதும் புலியாகத்தான் ஆடும். எதிரே உட்காருகிறவர் ஆடுகளை வைப்பார். பலகைக்கு அடியில் ஒரு வண்டி இரண்டு திசைகளில் ஓடும். அதன் மேல் இருக்கும் காந்தம் புலியை இழுத்துச் செல்லும். மேலிருந்து பார்த்தால் புலி தானாகவே நடப்பதுபோல் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இதைக் கட்டிப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். மோட்டாரை முதலில் வாங்கினார்கள், ஆட்டத்தின் விதியைக் கடைசியில் எழுதினார்கள். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு "புலி எங்கே போகணும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டு வாரம் போனது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆட்டம், அடுத்து பலகையைப் படிக்கும் வேலை, மோட்டார் அதற்குப் பிறகுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணக்குப் போட ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி (கீழே "பை" என்று சொல்வது இதைத்தான்). மோட்டாரை ஓட்ட ஒரு ஆர்டுவினோ யூனோ சர்க்யூட் போர்டு, அதன் மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு, மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் இரண்டு ஏ4988 டிரைவர்கள், படிப்படியாகச் சுழலும் இரண்டு நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார்கள். ஜிடி2 பல் பெல்ட், 20 பல் புல்லி, வண்டி ஓட வழுவழுப்பான கம்பிகள், வண்டி ஓரத்தைத் தொட்டால் சொல்லும் இரண்டு லிமிட் சுவிட்ச்.

பலகைக்கு 3 மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக். கண்ணாடி மாதிரித் தெளிவானது வேண்டாம், அடியிலிருந்து விளக்கு போட்டால் பரவலாகத் தெரிகிற ரகம் வேண்டும். காரணம் 7ஆம் படியில் வரும்.

காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ரீடு சுவிட்ச் 23 தேவை. ஐந்தாறு கூடுதலாகவே வாங்குங்கள், கண்டிப்பாகச் சில உடையும். அந்தச் சுவிட்சுகளைப் பையோடு இணைக்க இரண்டு எம்சிபி23017 சிப், காந்தத்தை ஏற்றி இறக்க ஒரு சிறிய சர்வோ மோட்டார், ஒரு சிவப்பு எல்இடி, கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும், உள்ளே விளக்குள்ள பெரிய பட்டன் ஒன்று.

காந்தம் மூன்று அளவில்: வண்டிக்கு ஒரு பெரிய நியோடிமியம் வட்டு, புலிகளுக்கு 10 மி.மீ. அகலம் 3 மி.மீ. தடிமன் கொண்ட மூன்று, ஆடுகளுக்கு 5 மி.மீ. அகலம் 2 மி.மீ. தடிமன் கொண்ட பதினைந்து. சோதனைக்கு ஒரு சின்ன எஃகுக் குண்டு. சைக்கிள் பேரிங்கில் இருப்பது போதும்.

மோட்டாருக்கு 12 வோல்ட் தனி மின்வழி, பைக்குத் தனி, சர்வோவுக்கு 5 வோல்ட் தனி. மூன்றின் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். சர்வோவைப் பையிலிருந்தே ஊட்டினால், அது அசையும் நொடியில் மின்னழுத்தம் இறங்கி பை மறுதொடக்கம் ஆகிவிடும்.

2. விதியைத் தாளில் எழுதி முடிவுசெய்யுங்கள்

ஆடு புலி ஆட்டத்தின் விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பாட்டி சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா சொன்னதும் ஒத்துப்போகாது. நிரலுக்கு அந்தத் தளர்வு ஆகாது என்பதால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு தாளில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது இது. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடு முதலில். ஒவ்வொரு முறையும் ஒரு ஆட்டைக் காலிப் புள்ளியில் வைக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி கோட்டின் வழியே அடுத்த காலிப் புள்ளிக்குப் போகலாம், அல்லது ஒரு ஆட்டைத் தாண்டி அதே நேர்கோட்டில் அடுத்துள்ள காலிப் புள்ளியில் இறங்கி அதை வெட்டலாம். ஒரு முறைக்கு ஒரு வெட்டுதான். வெட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு ஆடு போனால் புலி வென்றது. மூன்று புலிக்கும் நகர இடம் இல்லாவிட்டால் ஆடு வென்றது.

இரண்டு இடங்களைத் தெளிவாக எழுதாமல் விடுகிறார்கள். ஒன்று, அடைபட்ட ஒரு புலி பலகையிலேயே இருக்குமா, எடுக்கப்படுமா? என் விதியில் இருக்கும், வழி திறந்தால் மறுபடியும் நடக்கும். இரண்டு, ஆடுகள் எல்லாம் இறங்கிய பிறகு இரு பக்கமும் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாத ரோபோ ராத்திரி முழுக்க ஒரே புலியை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடக்கவைக்கும்.

3. பலகையைப் பத்துக் கோடுகளாக எழுதுங்கள்

உச்சிப் புள்ளி 1. அதற்குக் கீழே மூன்று குறுக்குக் கோடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள்: இடமிருந்து வலமாக 2 முதல் 7, 8 முதல் 13, 14 முதல் 19. அடிக்கோட்டில் நான்கு: 20 முதல் 23.

உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்குகின்றன: 1, 3, 9, 15, 20 ஒன்று. 1, 4, 10, 16, 21 அடுத்தது. பிறகு 1, 5, 11, 17, 22. கடைசியாக 1, 6, 12, 18, 23. இடப்பக்க ஓரம் 2, 8, 14. வலப்பக்க ஓரம் 7, 13, 19. ஆக மூன்று குறுக்கு, நான்கு இறக்கம், இரண்டு ஓரம், ஒரு அடிக்கோடு. பத்துக் கோடுகள்.

நிரலில் கையால் எழுத வேண்டியது இந்தப் பத்துப் பட்டியல்கள் மட்டுமே. ஒரு பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் ஒரு நகர்வு. அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள் ஒரு வெட்டு, இரண்டு திசையிலும். மீதியை நிரலே கணக்கிட்டுக்கொள்ளும்.

புதியவர்கள் இதை விட்டுவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிகளைத் தனித்தனியாக எழுதுவார்கள். பக்கத்துப் பட்டியல் நகர்வுக்குச் சரி. ஆனால் வெட்டுக்கு அது நேர்கோட்டைச் சொல்லாது. 3இலிருந்து 1ஐத் தாண்டி 6இல் இறங்கும் புலியை நான் பல முறை பார்த்துவிட்டேன். உச்சியில் கோடுகள் முடிகின்றன, அதன் வழியே தாண்ட முடியாது.

எழுதியதும் மூன்று எண்களைச் சரிபாருங்கள். பக்கத்துப் பக்கத்து இணைப்புகள் 38 வர வேண்டும். திசையோடு சேர்த்து வெட்டுகள் 56. ஆட்டை எந்த வகையிலும் வெட்ட முடியாத புள்ளிகள் ஏழு: 1, 2, 7, 14, 19, 20, 23. ஒன்று மாறினாலும் பட்டியலில் தட்டச்சுப் பிழை இருக்கிறது. மேலே போகாதீர்கள்.

4. புலிக்கு மூளை கொடுங்கள், திரையிலேயே ஆடிப் பாருங்கள்

பெரிய நுட்பம் தேவையில்லை. சதுரங்க நிரல்களில் பழகிய இரண்டு போதும்: இரு பக்கமும் தங்களுக்கு நல்ல நகர்வையே எடுக்கும் என்று முன்னோக்கிப் பார்க்கும் மினிமாக்ஸ் தேடல், பயனில்லாத கிளைகளைப் பார்க்காமல் விடும் ஆல்பா பீட்டா வெட்டு. நான்கு நகர்வு ஆழத்துக்குப் பைத்தானிலேயே பதில் சீக்கிரம் வந்துவிடும். ஆடுகளை ஒரு முழு எண்ணின் 23 பிட்டுகளாகவும் புலிகளை இன்னொன்றாகவும் வைத்தால் இன்னும் ஆழமாகப் போகலாம்.

கவனம் வேண்டியது நிலையை மதிப்பிடும் கணக்கில். வெட்டிய ஆடுகளை மட்டும் எண்ணினால் புலி பேராசைக்காரனாக ஆகிவிடும். ஒரு ஆட்டுக்காக மூலைக்குப் போய் மாட்டிக்கொள்ளும். 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஆறு மூலைகளிலும் பக்கத்துப் புள்ளிகள் இரண்டே. ஆடு வைப்பவர் கொஞ்சம் பழகியவர் என்றால் அங்கேதான் இழுப்பார்.

அதனால் மூன்றைச் சேர்த்து மதிப்பிடுங்கள்: வெட்டிய ஆடுகள், புலிகளுக்குக் கிடைக்கும் நகர்வுகளின் எண்ணிக்கை, முழுக்க அடைபட்ட புலிகள். கடைசியதற்கு எதிர்மதிப்பு பெரிதாக இருக்கட்டும். ஒரு ஆட்டின் விலையைவிட ஒரு புலி அடைபடுவதன் விலை அதிகம் என்று வைத்துப் பாருங்கள், ஆட்டம் உடனே மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

எதிராளி சின்னப் பிள்ளை என்றால் தேடும் ஆழத்தை இரண்டாகக் குறையுங்கள். வேண்டுமென்றே தப்பாக ஆடவைக்காதீர்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் ஆட வர மாட்டார்கள்.

நிரலைத் தன்னோடு தானே நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிடுங்கள். நிற்காமல் முடிகிறதா, 15க்கு மேல் ஆடு வருகிறதா, ஒரே புள்ளியில் இரண்டு காய் உட்காருகிறதா என்று ஒவ்வொரு நகர்விலும் சோதியுங்கள். இங்கே பிடிபடாத பிழை பின்னால் மோட்டார் பிழைபோல் வேடம் போட்டு வரும்.

5. பலகையை வரையுங்கள், குறுகலான இடத்தைக் கணக்கில் வையுங்கள்

அடிக்கோட்டை 450 மி.மீ. அகலமாக எடுங்கள், நான்கு புள்ளிகளுக்கு இடையே 150. உயரம் 360, ஒவ்வொரு வரிசைக்கும் 90. பக்க ஓரங்கள் அடிக்கோட்டின் முனைகளுக்கு நேர்மேலே வரட்டும்.

இந்த அளவில் முதல் குறுக்குக் கோட்டில் நடுப் புள்ளிகளுக்கு இடையே 37.5 மி.மீ.தான் கிடைக்கும். முழுப் பலகையிலும் அதுவே மிக நெருக்கமான இடம். காயின் அகலத்தையும் காந்தத்தின் பலத்தையும் தீர்மானிப்பது அதுதான். காய் 20 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். பலகையைப் பாதியாகச் சுருக்கினால் பக்கத்து ஆடும் புலியோடு சேர்ந்து நடக்கும்.

காய்களின் அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். அக்ரிலிக் மேல் கீறல் விழாது, சறுக்கலும் ஒரே சீராக இருக்கும். புள்ளிகளில் குழி போடாதீர்கள். காய் சரியாக உட்காரட்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இழுக்கும்போது புலி அந்தக் குழியிலேயே சிக்கும். 25 மி.மீ. வட்டம் வரைந்தால் போதும், மக்கள் நடுவில்தான் வைப்பார்கள்.

6. பலகையைப் படிக்க ரீடு சுவிட்சுகள்

இந்த வேலையில் அதிகக் கண்ணீர் வரவழைப்பது இந்தப் படிதான். நிதானமாகச் செய்யுங்கள்.

ரீடு சுவிட்ச் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். காயின் அடியில் உள்ள காந்தம் பலகைக்குச் செங்குத்தாகப் பார்க்கிறது, குழாய் படுத்திருக்கிறது. இந்த நிலையில் குழாயின் நட்டநடுவுக்கு நேர்மேலே காந்தம் வந்தால் சுவிட்ச் மூடாது. இரண்டு தகடுகளிலும் காந்தப்புலம் சமமாகிவிடுகிறது. குழாயின் ஒரு முனை புள்ளிக்குக் கீழே வரும்படி தள்ளி ஒட்டுங்கள். நடுவில் வைத்து 23ஐயும் ஒட்டிவிட்டு, சுவிட்ச் எல்லாம் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

கம்பியை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். நேரடியாக வளைத்தால் கண்ணாடி விரிசல் விடும். அது வெளியே தெரியாது, ஒரு வாரம் கழித்து வேலை செய்யாது.

முதலில் ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் தற்காலிகமாக ஒட்டி, ஆட்டின் சின்னக் காந்தத்தை வட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் மூடுகிறதா, பக்கத்துப் புள்ளியில் வைத்தால் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளியை அளந்து மீதி 22க்கும் அதையே பின்பற்றுங்கள்.

23 கம்பிகளையும் இரண்டு எம்சிபி23017 சிப்புகளுக்குக் கொண்டுபோங்கள். சுவிட்ச் திறந்திருக்கும்போது முள்ளின் மின்னழுத்தத்தை மேலே பிடித்துவைக்கும் புல்-அப் உள்ளேயே இருக்கிறது, தனி ரெசிஸ்டர் வேண்டாம். ஒவ்வொரு சிப்பிலும் 16 முள் இருந்தாலும் ஜிபிஏ7, ஜிபிபி7 இரண்டையும் உள்ளீடாகப் பயன்படுத்தாதீர்கள். தயாரிப்பாளரின் புதிய டேட்டாஷீட்டில் (விவரத் தாளில்) அவை வெளியீட்டுக்கு மட்டும் என்று இருக்கிறது. மிச்சம் 28, நமக்கு 23 போதும். இரண்டு சிப்பின் முகவரி முள்களும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றுதான் தெரியும். ஒன்றில் மாற்றுங்கள்.

சுவிட்ச் சொல்வது "காய் இருக்கிறது" என்பது மட்டுமே. ஆடா புலியா என்று சொல்லாது, சொல்ல வேண்டியதும் இல்லை. புலிகளை நகர்த்துவது ரோபோ, அதனால் அவை எங்கே என்று நிரலுக்குத் தெரியும்.

7. மனிதரின் கையையும் ஒரு பாகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ரோபோவே செய்ய வேண்டும் என்று ஆரம்பிப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கை இருக்கிறது. இரண்டு வேலைகளை அவரிடம் கொடுங்கள்.

முதல் வேலை, முடிந்ததும் பட்டனைத் தட்டுவது. காய் எப்போது "வைக்கப்பட்டது" என்று சுவிட்சைப் பார்த்து ஊகிக்கப் போகாதீர்கள். மனிதர்கள் வைப்பார்கள், யோசிப்பார்கள், திரும்ப எடுப்பார்கள். சதுரங்கக் கடிகாரம்போல் தட்டியபிறகுதான் முறை முடிந்தது.

இரண்டாவது வேலை, வெட்டுப்பட்ட ஆட்டை எடுப்பது. புலி ஆட்டைத் தாண்டும்போது அடியில் இழுக்கும் காந்தம் சுற்றுவழியில் போயாக வேண்டும், நெருக்கமான இடத்தில் அதற்கு வழியே இருக்காது. வண்டியில் எல்இடியைப் பொருத்தி, வெட்டுப்படும் ஆட்டுக்குக் கீழே போய் ஒளிரவிடுங்கள். பால் வெள்ளைப் பலகையில் அந்த வட்டம் மட்டும் சிவக்கும். ஆடுபவர் அந்த ஆட்டை எடுப்பார். சுவிட்ச் திறந்ததும் நடுப்புள்ளி காலி, புலி நேராக நடந்துவிடும். பாதை தேடும் நிரலே தேவைப்படாது. பிள்ளைகள் தங்கள் ஆட்டைத் தாங்களே எடுத்துக் கொடுக்கும் அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பாருங்கள். இதற்காகவே இந்த முறையை நான் மாற்றவே மாட்டேன்.

எல்இடியை வண்டிக் காந்தத்திலிருந்து 40 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள். காந்தம் அந்த ஆட்டுக்குக் கீழேயே நின்றால், ஆடு போன பிறகும் சுவிட்ச் மூடியே இருக்கலாம்.

8. இப்போது மோட்டார்

ஆர்டுவினோவில் மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் நிரலை ஏற்றுங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவரில் பதினாறில் ஒரு பங்காகப் பிரித்தால் 3200. 20 பல் புல்லி ஒரு சுற்றில் பெல்ட்டை 40 மி.மீ. நகர்த்தும். ஆக மில்லிமீட்டருக்கு 80 படி.

டிரைவரின் மின்னோட்ட அளவைத் திருகி அமைக்காமல் ஓட்டாதீர்கள். ஏ4988இல் ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் என்பது மின்னோட்டம், எட்டு, உணர் ரெசிஸ்டர் மூன்றின் பெருக்கல். ரெசிஸ்டரில் ஆர்100 என்று இருந்தால் 0.1 ஓம். 0.8 ஆம்பியருக்கு 0.64 வோல்ட். மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் அந்த இடத்திலேயே போய்விடும்.

மூன்று சிக்கல்கள் கட்டாயம் வரும். பை சீரியல் இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் யூனோ மறுதொடக்கம் ஆகும், இரண்டு நொடி காத்திருந்துவிட்டுப் பேசுங்கள். ஹோமிங் (வண்டி லிமிட் சுவிட்சைத் தொட்டுத் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) முடிந்ததும் ஜிஆர்பிஎல்லின் இயந்திர ஆயத்தொலைவுகள் வழக்கமாக எதிர்க்குறியில் இருக்கும், நேர்க்குறியில் அனுப்பினால் எல்லை அலாரம் அடித்து நிற்கும்.

மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிக்கும். ஜிஆர்பிஎல் "ஓகே" என்று சொன்னால் கட்டளை வந்து சேர்ந்தது என்று பொருள். வண்டி போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. அதை நம்பி சர்வோவை இறக்கினால் புலி பாதி வழியில் நின்றுவிடும். கேள்விக்குறி அனுப்பி நிலையைக் கேட்டுக்கொண்டே இருங்கள், "ஐடில்" (சும்மா நிற்கிறது) என்று வந்த பிறகுதான் அடுத்த வேலை.

9. காந்தத்தை ஏற்றி இறக்குவது

மின்காந்தம் வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். காய்களிலும் காந்தம் இருப்பதால், மின்காந்தத்தை அணைத்தாலும் அதன் இரும்பு மையம் காயை இழுக்கும். கடந்துபோகும் இடமெல்லாம் ஆடுகள் அசையும். சர்வோவால் நிரந்தரக் காந்தத்தை 25 மி.மீ. கீழே இறக்குவதுதான் சுத்தமான வழி.

புலிகளின் காந்தம் மூன்றும் ஒரே துருவம் கீழே பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒட்டும் முன் வண்டிக் காந்தத்தின் மேல் வைத்துப் பார்த்து, ஈர்க்கும் பக்கத்தைப் பேனாவால் குறியுங்கள். ஒன்று தலைகீழானாலும் அந்தப் புலி மட்டும் விலகி ஓடும்.

ஒரு நகர்வின் வரிசை: காந்தம் கீழே, புலிக்கு அடியில் போ, காந்தம் மேலே, மெதுவாக இழு, கீழே இறக்கு, பலகைக்கு வெளியே போய் நில். கடைசிப் படியை விடாதீர்கள். வண்டி பலகைக்கு அடியில் இருக்கும்போது படித்தால் அதன் காந்தமே பொய்யாக ஒரு காயைக் காட்டும்.

இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 2400 மி.மீ. போதும். முடுக்கத்தைக் குறைவாக வையுங்கள், வெடுக்கென்று கிளம்பினால் புலி பின்தங்கிவிடும். உராய்வால் காய் எப்போதும் காந்தத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் பின்னால்தான் வரும். அதனால் சேர வேண்டிய இடத்தை 3 மி.மீ. தாண்டிப் போய்த் திரும்புங்கள், காய் நடுவில் வந்து நிற்கும்.

10. 23 புள்ளிகளையும் அளந்து பொருத்துவது

வரைபடத்தின் அளவை நம்பாதீர்கள், பெல்ட் ஒருபோதும் வரைபடம் சொன்னபடி இருக்காது. காந்தத்தை ஏற்றிவிட்டு எஃகுக் குண்டைப் பலகையில் போடுங்கள். அது காந்தத்தின் நட்டநடுவுக்கு மேலே வந்து நின்றுவிடும். புள்ளியில் குண்டு சரியாக உட்காரும்வரை வண்டியைச் சிறிதுசிறிதாக நகர்த்தி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 23 முறை. ஒரு மணி நேரம் ஆகும், தவிர்க்க வேண்டாம்.

11. எல்லாவற்றையும் இணைத்து, ஆட்களோடு ஆடவையுங்கள்

பட்டன் தட்டப்பட்டதும் முந்தைய நிலையையும் இப்போதைய நிலையையும் ஒப்பிடுங்கள். ஆடு இறங்கும் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி புதிதாக நிரம்பியிருக்க வேண்டும், எதுவும் காலியாகியிருக்கக் கூடாது. நகரும் கட்டத்தில் ஒன்று காலி, ஒன்று புதிது, இரண்டும் ஒரே கோட்டில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். வேறு எது நடந்திருந்தாலும் ரோபோ அசையக் கூடாது, பொருந்தாத புள்ளியில் விளக்கைக் காட்டிக் காத்திருக்க வேண்டும். தானே திருத்திக்கொள்ளும் நிரல் எழுதப் போனால் ஆட்டமே குழம்பிவிடும்.

அதிகம் வரும் தவறு, பதினைந்து ஆடும் இறங்கும் முன்பே ஒன்றை நகர்த்துவது. அடுத்தது, பட்டனைத் தட்ட மறப்பது. முதல் ஆட்டத்தில் இரண்டும் கண்டிப்பாக நடக்கும். அரை நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் பட்டனின் விளக்கு மினுக்கட்டும்.

ஒவ்வொரு முறைக்குப் பிறகும் பலகையின் நிலையைக் கோப்பில் சேமியுங்கள். கரண்ட் போய் வந்தால் பத்தாவது ஆட்டிலிருந்தே தொடரலாம்.

பழகாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் புள்ளியில் காயை வட்டத்துக்கு வெளியே வைக்கிறார், சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆட்டை எடுக்கத் தோன்றுகிறதா என்று தேதியோடு குறித்துவையுங்கள். அப்படி நான்கைந்து பேர் ஆடிய பிறகு அந்தக் குறிப்பை எடுத்து, முதலில் வட்டங்களையும் விளக்கையும் திருத்துங்கள். புலியின் தேடும் ஆழத்தைத் தொடுவது அதற்குப் பிறகு.